நான் பெற்றெடுத்த இங்கிலீஷ் வார்த்தை

மார்ச் 3, செவ்வாய்

இன்று சூப்பர்வைசரே அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டார். "சீக்கிரம் ஃபோனை வைங்கம்மா, மோஃபிள் பண்ணாதீங்க!" மருந்துக் கடையின் ஃபோன் பிரிவு மொத்தமும் சிரித்தது. திட்டு வாங்கிய என் ஓரகத்தியும் சேர்ந்து சிரித்தாள். தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்பது அவளுக்கு மட்டும் தெரியாது.

மோஃபிள் எந்த அகராதியிலும் கிடையாது. போன மாதம் டீ குடிக்கும்போது நான் பெற்ற பிள்ளை அது. மருந்தின் பெயர், அளவு, விலாசம் என்று எல்லாவற்றையும் மூன்று தரம் கேட்பாள் அவள். அதற்கு ஒரு பெயர் வேண்டும் என்றார்கள். இங்கிலீஷ் புலி நான் இருக்கும்போது பெயருக்கா பஞ்சம்? "வெளிநாட்டுப் பசங்களோட புது ஸ்லாங்" என்று அடித்துவிட்டேன். எல்லோரும் நம்பினார்கள்.

அவளை இந்த வேலையில் சேர்த்துவிட்டதும் நான்தான்.

மார்ச் 5

பஸ்ஸில் கேட்டுவிட்டாள். "அக்கா, மோஃபிள்னா என்னக்கா? நான் ஃபோன் எடுத்தாலே சொல்றாங்க."

"அக்கறையா விசாரிக்கிறது. நல்ல வார்த்தைதான்."

"அப்போ என்னைப் பாராட்டித்தான் சொல்றாங்களா!"

முகமெல்லாம் சிரிப்பு அவளுக்கு. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மார்ச் 6

இன்றும் அவளிடம் உண்மையைச் சொல்லவில்லை.

மார்ச் 10, செவ்வாய்

வெள்ளிக்கிழமை அவளுக்கு நேர்காணல். தேறினால் வேலை நிரந்தரம். இங்கிலீஷில் பேச வேண்டுமே என்று கண்ணாடி முன் நின்று ஒத்திகை பார்க்கிறாள். "ஐ ஆல்வேஸ் மோஃபிள் மை கஸ்டமர்ஸ்." கொழுந்தன் கைதட்டினான். "அண்ணி ட்ரெய்னிங்னா சும்மாவா!"

"அந்த வார்த்தை மட்டும் வேண்டாமே" என்றேன்.

"ஏன்க்கா?"

"அது... ஆபீஸ்ல பேசுற வார்த்தை இல்ல."

"ஆபீஸ்லதானேக்கா எல்லாரும் பேசுறாங்க!"

அவ்வளவுதான் என் வீரம். உண்மையைச் சொல்ல என்ன கேடு எனக்கு? சொன்னா நான் யாருன்னு தெரிஞ்சிடும் — அதான்.

மார்ச் 13, வெள்ளி

நேர்காணலில் அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டாள். மேனேஜர் அர்த்தம் கேட்டாராம். "அக்கறையா விசாரிக்கிறது சார், எங்க அக்கா சொல்லிக்கொடுத்தாங்க" என்றாளாம். கூட உட்கார்ந்திருந்த சூப்பர்வைசருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வெளியே வந்ததும் முழுக் கதையையும் அவளிடம் சொல்லியிருக்கிறார், யார் உண்டாக்கியது, யாரைப் பற்றி என்பது உட்பட.

பஸ்ஸில் என் பக்கத்து இடம் காலியாக இருந்தும் நின்றுகொண்டே வந்தாள். இறங்கியதும் ஒன்றே ஒன்று சொன்னாள்: "அவங்க சிரிச்சதுகூடப் பரவாயில்லக்கா. நான் உங்ககிட்ட வந்து கேட்டப்போ, நீங்க சிரிக்காம சொன்னீங்களே."

நரம்பில்லாத நாக்கு எப்படியும் பேசும்னு சும்மாவா சொன்னாங்க? மன்னிப்புக் கேக்க வாயைத் திறந்தேன், வரலை. எட்டு பேர் முன்னாடி கேலி பேச மட்டும் வந்துச்சே! அவ முகத்தைப் பாக்க முடியலை. வெக்கமா இருக்கு.

மார்ச் 16

மன்னிப்புக் கேட்டேன். காய் நறுக்கிக்கொண்டே "விடுங்கக்கா" என்றாள். நிமிரவில்லை.

மார்ச் 20

அவள் வேலை நிரந்தரமாகிவிட்டது. கொழுந்தன்தான் வந்து சொன்னான்.

மார்ச் 25, புதன்

"இப்பத்தான்மா உங்களுக்கு வேகம் வந்திருக்கு" என்று சூப்பர்வைசர் அவளைப் பாராட்டினார். இப்போதெல்லாம் ஒரே தரம் கேட்டுவிட்டு ஃபோனை வைத்துவிடுகிறாள். மத்தியானம் அவள் எடுத்த ஆர்டரில் ஒரு பெரியவருக்கு இரண்டு மடங்கு வீரியமுள்ள மாத்திரை போகவிருந்தது. பொட்டலம் கட்டுகிறவர் சந்தேகப்பட்டு நிறுத்தியதால் பிழைத்தோம்.

வீட்டுக்கு வந்து தலைவலி என்று படுத்துவிட்டேன். கதவருகே வந்து நின்றாள்.

"சாப்பிட வரீங்களாக்கா?"

நல்ல பசி. ஆனாலும் சாப்பாட்டுக்கும் மூன்று தரம் கூப்பிடுகிறவள் ஆயிற்றே, அந்தப் பழக்கதோஷத்தில் "வேண்டாம்மா" என்றேன்.

சரி என்று தலையாட்டிவிட்டுப் போனாள். மறுபடி வந்து கேட்பாள் என்று படுத்திருந்தேன். சமையலறை விளக்கை அணைக்கிற சத்தம் கேட்டது.