கலா போடாத கையெழுத்து

ஞாயிறு, இரவு.

பாலோ ஊரில் கலாவின் கணவருக்கு இன்று பதினாறாம் நாள் காரியம். மோட்டார் சைக்கிளில் போனவரை லாரி மோதிவிட்டது. விபத்து வழக்குகள் பார்க்கும் வக்கீலாக, ஆளை இழந்த ஒவ்வொரு வீட்டிலும் நான் சொல்வது ஒன்றுதான்: படிக்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். தலையாட்டுவார்கள், பிறகு போட்டுவிடுவார்கள். கலாவிடமும் நான் பெரிதாக எதிர்பார்க்கவில்லை.

பந்தி நடக்கும்போது லாரி முதலாளியின் ஆள் பேனாவும் மலாய்மொழித் தாள் ஒன்றுமாக வந்தான். அதில் கையெழுத்துப் போட்டால் பிறகு வழக்கே போட முடியாது.

"சும்மா ஒரு சைன்தான் லா, தங்கச்சி."

நான் வாய் திறப்பதற்குள் கலா அவனுக்கு இலை போடச் சொன்னாள்.

"மொதல்ல சாப்பிடுங்கண்ணே. நான் படிச்சிப் பாக்குறேன்."

விரல் வைத்து, வரிவரியாக, பந்தி முழுக்கக் கேட்கும்படி வாசித்தாள். இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்ற வரி வந்ததும் நிறுத்தினாள்.

"கோரிக்கை எனக்கு இருக்கேண்ணே. பாயசம் ஊத்தச் சொல்லவா?"

அவன் பேனாவைக்கூட எடுக்காமல் போய்விட்டான். கலா அதை என்னிடம் கொடுத்தாள். காரில் தனியாக வரும்போது எனக்குப் பெருமை தாங்கவில்லை. இதை அந்தப் பேனாவால்தான் எழுதுகிறேன். நன்றாகவே எழுதுகிறது.