ஹார்ட் டிஸ்க் மேல வெச்ச பொட்டு

ஏனுங்க,

அரிசிம்பருப்புச் சோறு குக்கர்ல இருக்குதுங்க. தயிர மூடி வெய்யுங்க, பூனை வரும்.

ஃபேன் சத்தம் போடுதுன்னு உங்க காந்திபுரம் டைப்பிங் சென்டர்ல இருந்து தூக்கிட்டு வந்தீங்களே, அந்தக் கம்ப்யூட்டரத் தொறந்து பாத்தேன். உள்ளார ஹார்ட் டிஸ்க் மேல நான் வெச்ச குங்குமப் பொட்டு!

மில்லுக்காரங்க தானமாக் குடுத்த பழைய கம்ப்யூட்டர பள்ளிக்கூடங்களுக்குக் குடுக்க எங்க சங்கத்துல சரிபண்ணி, பொட்டு வெச்சுத்தான் நான் மூடுவேன்னு உங்களுக்குத் தெரியாது. இந்த ஹார்ட் டிஸ்க் மதுக்கரைப் பள்ளிக்கூடத்துக்குனு உங்க வேன்ல ஏத்துன பெட்டியில இருந்தது. நல்லதக் கழட்டிக்கிட்டு, கெட்டுப்போன உங்களுத மாட்டி அனுப்பிப்போட்டீங்க.

அங்க அது ஓடலைன்னதும் சங்கத்துல அத்தன பேரும் என் வேலையத்தான் குறை சொன்னாங்க. ஊட்டுக்கு வந்து அழுதேன். "பழைய சாமான் அப்படித்தான் அம்மணி, உம்மேல தப்பில்ல"ன்னு தலையத் தடவிக் குடுத்தீங்க. எடுத்ததக்கூடப் பொறுத்துக்குவேனுங்க. அந்தக் கையத்தான் நெனச்சா ஆறவே மாட்டேங்குது.

ஹார்ட் டிஸ்க்கக் கழட்டிட்டு மதுக்கரைக்குப் பஸ் ஏறறேன். உங்களுதத் திருப்பிக் கொண்டாந்து குடுத்தர்றேன். நீங்க டைப் பண்ணுனதெல்லாம் ஃப்ளாப்பியில எடுத்து மேசை மேல வெச்சிருக்கேன். அது உங்க உழைப்பு.

சென்டர் சாவி டிவி மேல இருக்குது.

சாந்தாமணி

மறந்துட்டேன்: கல்யாணப் பத்திரிகை டைப் பண்ணக் குடுத்தவங்க இன்னைக்குச் சென்டருக்கு வாராங்க. கம்ப்யூட்டர் ஏன் ஓடலைன்னு கேட்டா, பழைய சாமான் அப்படித்தான்னு சொல்லிப்போடுங்க. நல்லாத்தான் சொல்லுவீங்க, நானே நம்புனனே.