லாமா உட்கார்ந்த கதை

என் அக்கா பெற்ற தங்கக்கட்டிக்கு,

மாமா வேலை பார்க்கும் மிருகக்காட்சிசாலைக்குள் லாமா மேல் ஏறித்தான் சுற்றுவேன் என்று நான் சொன்னதை நீ வகுப்பு முழுக்கச் சொல்லிவிட்டாயாமே! வெள்ளிக்கிழமை எல்லாரும் பார்க்க வருகிறீர்களாம். வாருங்கள், மாமா பயப்படுகிற ஆளா?

அதற்குமுன் கொஞ்சம் அறிவியல். லாமா ஒட்டகத்துக்குத் தம்பி முறை. திமிலை மட்டும் அண்ணனுக்கே விட்டுக்கொடுத்துவிட்டது. புல் தின்னும், அசைபோடும், மலைப்பாதையில் மூட்டை சுமக்கும். பாரம் கூடினால் மட்டும் அப்படியே உட்கார்ந்துவிடும், எழுப்பவே முடியாது. புத்தகத்தில் போட்டிருப்பது சரிதானா என்று நேற்று மாமாவே ஏறிப் பார்த்தேன். சரிதான்.

அந்த நேரம் பார்த்துக் கேட் காவலர் வந்து, "என்னண்ணே, ரெண்டு பேரும் உக்காந்துட்டீங்க? டீ சொல்லவா?" என்று கேட்டார். அவருக்கு ஆராய்ச்சி என்றால் என்ன தெரியும்?

இன்னொன்று. கோபம் வந்தால் லாமா காதைப் பின்னால் மடக்கும், பிறகு துப்பும். அந்த நாற்றத்தைப் பற்றிப் புத்தகத்தில் ஒரு வரிகூட இல்லை. எழுதியவருக்கு மீசை இல்லை போலிருக்கிறது.

ஆகவே வெள்ளிக்கிழமை மாமா கயிற்றைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நடந்து வருவேன். ஏனென்று கேட்டால், "எங்க மாமா எனக்காக இடத்தை விட்டுக்குடுத்துட்டாரு" என்று சொல். உன்னை ஒருத்தரும் பொய்சொல்லி என்று சொல்லக் கூடாது. நீ பூ மாதிரிப் பிள்ளை, உன்னைத் தாங்கும். மேலே உட்காரவைத்து ஒரு சுற்று கூட்டிப்போகிறேன்.

மற்றவர்களை மட்டும் குடையோடு வரச் சொல். மழை வராது, எனக்கும் தெரியும்.

லாமாக்களின் தலைவன்,
உன் மாமா