அமாவாசைக்கு ஓடாத பிரவுசர்

ஆகஸ்ட் 11, திங்கள்

காலையில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையைத் திறந்ததும் முதல் வேலையாக உலகத்தைத் திருத்தினேன். அதாவது, பிப்பிட் பிரவுசரின் பொதியில் ஒரு வரியை மாற்றினேன்.

நேற்று ஒரு விருந்தாளி, "அப்டி இன்னாதான் பண்றீங்க?" என்று கேட்டார். பதில் சரியாக வரவில்லை. இங்கே எழுதி வைக்கிறேன். எங்கோ யாரோ எழுதி, மூல நிரலையும் எல்லாருக்கும் திறந்து வைத்திருக்கும், குருவிப் படம் போட்ட குட்டி பிரவுசர் அது. அதை யூனிக்ஸ் வம்சத்து இயங்குதளம் ஒன்றுக்கு ஏற்றபடி வெட்டி, ஒட்டி, ஓடக்கூடிய வடிவத்தில் கட்டி (அதுதான் கம்பைல்), எவரும் ஒரே கட்டளையில் நிறுவிக்கொள்ளும்படி பொதியாக மூட்டை கட்டி அனுப்புகிறவன் அடியேன். சம்பளம் கிடையாது. ஆனால் பொதிப் பட்டியலில் 'பராமரிப்பவர்: தணிகைவேல், திருத்தணி' என்று இருக்கிறதே! முருகனுக்கு அடுத்தபடி இந்த ஊர்ப் பெயரை உலகமெல்லாம் கொண்டுபோனவன் நான்தான். லட்சம் பேர் பயன்படுத்துகிறார்கள் என்று டீக்கடையில் சொல்லி வைத்திருக்கிறேன். யார் எண்ணிப் பார்த்தது?

ஆகஸ்ட் 13

இடி விழுந்தது. பின்லாந்தில் உட்கார்ந்துகொண்டு பொதிகளுக்கெல்லாம் எமதர்மனாக இருக்கும் யூக்காவின் மடல். புதிய கம்பைலரில் பிப்பிட் கட்டப்பட மறுக்கிறதாம். மாதக் கடைசிக்குள் சரிசெய்யாவிட்டால் நீக்கிவிடுவார்களாம். அத்துடன், என்னைத் தவிர இதைப் பயன்படுத்துகிறவர் ஒருவராவது எழுதி உறுதி செய்ய வேண்டுமாம்.

ஒருவராவது! லட்சம் பேரை வைத்துக்கொண்டு அதில் ஒருவரைத் தேடுவது எவ்வளவு கஷ்டம்!

மனைவி ஷோபனாவைக் கேட்டேன். "நானா? நான் வேற ஒண்ணுல்ல வெச்சிகினு இருக்கேன். உங்களுது எதுன்னே எனக்குத் தெரியாதுங்க" என்றாள்.

இவள் கையால் சாப்பிட்டுக்கொண்டு உயிர் வாழ்கிறேன்.

ஆகஸ்ட் 16, ஆடிக் கிருத்திகை

ஊருக்குள் லட்சம் காவடி. (இது நிஜ லட்சம்.) மலையெங்கும் விளக்கு, என் கடையில் மட்டும் வோல்டேஜ் இல்லை. கம்பைல் ஆரம்பிப்பதும் சாவதுமாக இருந்தது. பொதி தங்கினால் மொட்டை போடுகிறேன், மீசையும் சேர்த்து, என்று மலையைப் பார்த்து வேண்டிக்கொண்டேன்.

மீசையைச் சேர்த்தது அவசரம்.

ஆகஸ்ட் 18

பிழை பிடிபட்டது! பழைய கம்பைலர் கண்டும் காணாமல் விட்ட ஒரு வரியைப் புதியது பிடித்துக்கொண்டது. ஒட்டுப் போட்டுவிட்டேன். இனி முழுதாகக் கட்டிப் பார்க்க வேண்டும். என் கிழட்டு மெஷினுக்கு ஒரு இரவும் ஒரு பகலும் ஆகும். நடுவில் நின்றால், எங்கள் விதிப்படி, மறுபடி முதலிலிருந்து.

ஆகஸ்ட் 21

மெஷினை மடியில் வைத்துக்கொண்டு பொதட்டூர்பேட்டை பஸ் ஏறினேன். அக்கா வீட்டுக்காரர் மணவாளன் பாவாவின் விசைத்தறிக் கூடத்தில் கரண்ட் ராஜா மாதிரி வரும்.

"இன்னாடா இது? ராவும் பகலும் எதுக்கு ஓடணும்?"

"இதுவும் தறிதான் பாவா. இந்தப் பக்கம் நூலு போவுது, அந்தப் பக்கம் துணி வருது. நடுவுல நின்னா அத்தினியும் பாழு."

"தறிதானே? சொல்லிட்ட இல்ல, வுடு. தறி மாரியே பாத்துக்கிறேன்."

எவ்வளவு அழகாக விளக்கினேன்! பேராசிரியராகப் போயிருக்க வேண்டியவன்.

ஆகஸ்ட் 22

கூடத்து வாசலில் கால் வைத்தேன். சத்தமே இல்லை. மெஷினுக்கு மஞ்சள், குங்குமம், தலையில் ஒரு முழம் மல்லி, காலடியில் எலுமிச்சம்பழம். மெயின் சுவிட்ச் ஆஃப்.

"பாவா! இன்னா பண்ணீங்க?"

"இன்னிக்கு அமாவாசைடா. எந்தத் தறிடா ஓடும்?"

"அது கம்ப்யூட்டர் பாவா!"

"நேத்து நீதானடா தறின்னே? நூலு, துணின்னு ஊட்டுக்கு வந்து பாடம் நடத்தினியே. உங்கப்பன் தறி ஓட்டனவரு. அமாவாசைக்கு லீவுன்னு உனக்குத் தெரியாது?"

தெரியும். தெரிஞ்சுதானே இருந்தது! ஐயோ, இந்த வாய்... கம்ப்யூட்டர்னு சொல்லிட்டுப் போயிருக்கக் கூடாதா? எதுக்குடா உனக்கு உவமை?

ஆகஸ்ட் 24

பாவா கூடத்திலேயே நேற்று மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது, கட்டி முடிந்தது. ஒரு பிழை இல்லை. அனுப்பியாயிற்று. (எலுமிச்சம்பழத்தை எடுக்கவில்லை. எதற்கு வம்பு?)

ஆகஸ்ட் 27

'பிப்பிட் பயன்படுத்தும் அன்பர்கள் ஒரு வரி எழுதவும்' என்று மடற்குழுவில் கேட்டு மூன்று நாள் ஆகிறது. லட்சம் பேரும் மௌன விரதம்.

உண்மையிலேயே ஒருத்தர்கூட இல்லையா? இத்தனை நாள் நான் யாருக்குத்தான் மூட்டை கட்டினேன்?

ஆகஸ்ட் 29

மெஷினைத் திருப்பி எடுக்கக் கூடத்துக்குப் போனேன். மூலையில் அவருடைய ஆதிகாலத்துக் கம்ப்யூட்டரில் பாவா ஏதோ சேலைப் படம் பார்த்துக்கொண்டிருந்தார். திரையின் ஓரத்தில் ஒரு குட்டிக் குருவி.

பிப்பிட்!

வேறு எந்த பிரவுசரும் அந்த டப்பாவில் திறக்காததால், எப்போதோ நானே போட்டுக் கொடுத்தது. சுத்தமாக மறந்துபோனேன்.

"பாவா, இத எத்தினி நாளா பாக்குறீங்க?"

"தெனமுந்தான். பார்டர் டிசைன் எல்லாம் இதுலதான் எடுக்கிறேன். ஏன்?"

"இது நான் கட்டினது பாவா."

"ஆங்? இதுவா? உலகம் பூரா ஓடுதுன்னியே, அது வேற ஏதோ பெருசுன்னுல்ல நெனச்சிகினு இருந்தேன்!"

விஷயத்தைச் சொன்னதும் எழுந்து நின்றுகொண்டே மடலைச் சொன்னார். நான் இங்கிலீஷில் மாற்றி அடித்தேன். 'அய்யாவுக்கு வணக்கம். நான் மணவாளன், தறிக்காரன். எங்க கூடத்துல தெனம் இதுதான் ஓடுது. அமாவாசைக்கு மட்டும் ஓடாது. போன வாரம் நடுவுல நிறுத்தினது நான். தணிகை மேல தப்பு இல்ல. எடுத்துடாதீங்க.'

அமாவாசை வரியை விட்டுவிடலாம் என்றேன். "அதுவும் இருக்கட்டும்டா. கேட்டவங்களுக்கு நெஜத்த சொல்லணும்" என்றார்.

ஆகஸ்ட் 31

யூக்காவின் பதில்: 'பயனர் உறுதி செய்துள்ளார். பொதி இருக்கட்டும். அமாவாசை என்றால் என்ன?'

செப்டம்பர் 2

மொட்டை. மீசையும் போயிற்று. ஷோபனா கதவைத் திறந்து, "யாருங்க வேணும்?" என்றாள். விளையாட்டுக்குத்தான் கேட்டாள் என்று நம்புகிறேன்.

செப்டம்பர் 9

பாவா ஊருக்கு வந்திருந்தார். டீக்கடையில் பெருங்கூட்டத்துக்கு நடுவே அவர் குரல்: "பிரவுசரா? அது நம்ம கூடத்துல கட்றதுதான். கோடி பேரு பாக்குறான்!"

கோடியாம். நானே லட்சத்தோடு நிறுத்தியிருந்தேன்.

செப்டம்பர் 21, மகாளய அமாவாசை

மீசை கொஞ்சம் முளைத்திருக்கிறது. போனில் யூக்காவின் மடல்: 'பிப்பிட் புதிய பதிப்பு வந்துவிட்டது. இன்று உங்களுக்கு அமாவாசை என்று பார்த்தேன். நாளை கட்டினால் போதும்.'

காலையில் எழுந்ததும் மெஷினின் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் பல்லே தேய்த்தேன். அதை அவருக்கு எழுதவில்லை.