சிவப்புக் கோழி எழுந்து நின்றது

ஜனவரி 6

காலையில் மைனஸ் நாலு. சவுதி என்றாலே வெயில்தான் என்கிறார்கள் ஊரில். இந்த வடகோடித் துரைஃப் பண்ணையில் ஒரு ராத்திரி படுத்துப் பார்க்கட்டும்!

எனக்கு விசா கொடுத்த அரபி முதலாளி, கபீலின் அம்மா வளர்க்கும் ஐந்து கோழிகளும் கொண்டை வெளுத்து, கால் மரத்துக் கிடந்தன. குளிர் புகாமல் கூண்டைத் தார்ப்பாயால் இறுக்கி அடைத்தது நான்தான். காற்றுப் போக வழியில்லாமல் உள்ளே ஒரே ஈரம். நனைந்த ஆட்டுக்குட்டிக்கு ஊரில் செய்வதுபோல் கரி பற்றவைத்து, கால்களை அனலில் காட்டினேன். ஒன்றுகூடக் கத்தவில்லை. இதமாக இருக்கிறதாக்கும் என்று நினைத்தேன்.

ஜனவரி 7

கோழிகளுக்குக் கால் முழுக்கக் கொப்புளம். தீவன லாரி ஓட்டும் செய்கு முகம்மது அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். "அட கிறுக்கா, மரத்த காலுக்குச் சூடு தெரியுமாடா? வாட்டிப்புட்டியே!"

கால்நடை டாக்டரிடம் அவரே போனில் கேட்டுச் சொன்னார். நெருப்பு கூடாது, தேய்க்கக் கூடாது. வெதுவெதுப்பான தண்ணீரில் காலை வைத்து, ஒற்றித் துடைத்து, மருந்து போட வேண்டும். கறுத்ததை வெட்டக் கூடாது.

கபீல் சொன்னது ஒன்றுதான். கோழி பிழைத்தால் இருபதாம் தேதி ஊருக்குப் போக லீவு. இல்லையென்றால் மாஃபி, கிடையாது.

ஜனவரி 9

இரண்டு போய்விட்டன.

ஜனவரி 10

ஊரிலிருந்து பெண்சாதி சரசு போன். கர்ப்பப்பைக் கட்டிக்கு இருபத்துநாலாம் தேதி ஆபரேசன். "நீங்க வந்தாத்தான் படுப்பேன். என்னைய உள்ள கொண்டுபோகையில வெளிய யாரு நிப்பா?"

வருகிறேன் என்றேன். எந்த நம்பிக்கையில் சொன்னேன்?

ஜனவரி 13

இன்னும் இரண்டு. மிச்சம் சிவப்புக் கோழி மட்டும். என் ரூமிலேயே வைத்திருக்கிறேன். செத்துத் தொலைக்காதே, தாயே.

ஜனவரி 17

கறுத்த விரல்கள் தானாக உதிர்ந்துவிட்டன. மொட்டைக் காலோடு எழுந்து நின்று தவிட்டைக் கொத்தியது. அழுதுவிட்டேன்.

ஜனவரி 19

கபீலும் அவர் அம்மாவும் வந்தார்கள். அந்தம்மா கோழியை மடியில் வைத்துக்கொண்டு எனக்காகக் கையேந்தி துவா செய்தார். கபீல் என் முதுகில் தட்டினார். வண்டியில் பார்த்தால் புதிதாக இருபது கோழிகள்.

"உன்னை மாதிரி வேறு எவன் பார்ப்பான்? குளிர் முடியட்டும், அப்புறம் போ."

"என் பெண்சாதிக்கு..." என்று ஆரம்பித்தேன்.

"கலாஸ், பேச்சு முடிந்தது," என்றார். எக்சிட் விசா அவர் கையில் — நான் என்னத்தைச் செய்ய? பாவி, நல்லா பாத்தது தப்பாப்போச்சே!

ஜனவரி 24

எட்டரைக்குச் சரசுவை உள்ளே கொண்டுபோனார்களாம். எதிர்வீட்டு ரஹீமா பீவி ஆஸ்பத்திரியிலிருந்து பேசினார். "கையெழுத்து நான்தான் போட்டேன் தம்பி. என்ன உறவுன்னு கேட்டாங்க, அக்கான்னு எழுதிட்டேன். கோவிச்சுக்காதீக."

சரசு ஏதாவது சொன்னாளா என்று கேட்டேன்.

"உங்கள எதிர்பாக்க வேணாம்னு அவளே சொல்லிட்டா."