எலி தின்ற கம்பியும் பலாப் பலகையும்

மார்த்தாண்டம்,
1936 பெப்ரவரி 20.

என் பிரியமுள்ள அத்தானுக்கு, சத்தியபாய் எழுதிக்கொள்வது.

கர்த்தர் கிருபையால் நானும் சுகம், மாமியும் சுகம், நம் சின்ன லாரியும் சுகம். மூன்றாவதைப் படித்ததும் உங்கள் புருவம் மேலே ஏறியிருக்கும். ஏறட்டும். வண்டியை வடசேரி பழைய இரும்புக்காரர் சுயம்புவுக்குக் கொடுத்துவிடு என்று கிறிஸ்மஸ் கடிதத்தில் எழுதியிருந்தீர்கள். நான் கொடுக்கவில்லை. கல்யாணமான நாள் முதல் உங்கள் பேச்சைத் தட்டியது இதுதான் முதல் தடவை என்று எழுதலாமென்று பார்த்தேன். மாமி பக்கத்தில் இருந்து சிரிப்பார் என்பதால் எழுதவில்லை.

கோபப்படாமல் முழுவதும் வாசியுங்கள். கொழும்புத் துறைமுகத்தில் மூட்டை சுமக்கிறேன், இனி ஒரு வண்டியின் ஸ்டியரிங் வளையத்தையும் கையால் தொடமாட்டேன் என்று நீங்கள் எழுதியதை வாசித்து முதலில் அழுதேன். பிறகு எனக்குக் கோபம் வந்தது. தக்கலை இறக்கத்தில் டேஷ்போர்டுக்குள்ளிருந்து புகை கிளம்பி, விளக்கெல்லாம் அணைந்து, கருப்பட்டிச் சுமையோடு வண்டி ஓடையில் சரிந்தது. அதற்கு ஊர் என்ன சொன்னது? ஜான்ரோஸ் குடித்துவிட்டு ஓட்டினான் என்றது. சபையில் இரண்டு பேர் என்னிடமே கேட்டார்கள். நீங்கள் கள்ளை மோந்துகூடப் பார்க்காதவர் என்பது எனக்குத் தெரியும். ஆனால் நீங்களோ ஒரு வார்த்தை மறுத்துப் பேசாமல் தூத்துக்குடிக்குப் போய்க் கப்பலேறிவிட்டீர்கள். உங்களுக்கே உங்கள்மேல் சந்தேகம் வந்துவிட்டது, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

சுயம்புவிடம் கொடுக்கும் முன்னால் வண்டியைத் துடைத்தாவது கொடுப்போம் என்று ஒருநாள் கொட்டகையைத் திறந்தேன். டேஷ்போர்டுத் தகரம் கருகி, துருப்பிடித்து, துடைக்கத் தொட்டதும் கையோடு வந்துவிட்டது. உள்ளே பார்த்தால் எலிக் கூடு. தென்னை நார், கொப்பரைத் துண்டு, நம் சாக்கின் கிழிசல், எல்லாம் சேர்த்து வசதியாகக் குடித்தனம் நடத்தியிருக்கிறது. கம்பிகளின் மேலிருந்த நூலுறையைச் செம்பு தெரியும்வரை கடித்து வைத்திருந்தது. பல்லின் தடம் பதிந்த இடத்தில்தான் இரண்டு கம்பிகள் ஒட்டி எரிந்திருக்கின்றன.

அத்தான், அது எலி. நீங்கள் அல்ல.

மாமியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் அந்தக் கம்பித் துண்டை வெட்டி வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு, யார் யார் பேசினார்களோ அவர்கள் வீட்டுக்கெல்லாம் போனார். போன இடமெல்லாம், ‘இன்னா பாரு, எம்புள்ள குடிக்கல்ல, எலிதான் தின்னுச்சு’ என்று மூக்குக்கு நேரே நீட்டியிருக்கிறார். கருப்பட்டிக்குச் சொந்தக்காரரான நாராயணபெருமாள் கடைக்கும் போயிருக்கிறார். அவர் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாராம்.

அதன் பிறகு எனக்கு ஒரே எண்ணம்தான். இந்த வண்டி ஓடவேண்டும். பேச்சு ஊரைச் சுற்றி ஓடியதுபோல வண்டியும் ஓடிக் காட்டவேண்டும்.

உங்கள் சிநேகிதர் செல்வதாஸ் அண்ணனுக்கு நாகர்கோவில் பஸ் பட்டறையில் ஞாயிறு ஒருநாள்தான் ஓய்வு. ஆராதனை முடிந்து நேரே இங்கே வருவார். ஆனால் ஓய்வுநாளில் பட்டறை ஆயுதம் எதையும் தொடமாட்டார். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, வெள்ளை வேட்டியில் அழுக்குப் படாமல் குனிந்து எட்டிப் பார்ப்பார். ‘சொல்லுகதுக்குப் பாவமில்ல தங்கச்சி, தொட்டாத்தான் பாவம்’ என்பார். ஆகவே அவர் ஞாயிற்றுக்கிழமை சொன்னதை நான் திங்கள் முதல் செய்வேன். மிஷன் ரேந்தை அறையில் லேஸ் பின்னி முடித்து வந்ததும் கொட்டகைதான். ‘ஏட்டி, அடுப்பில சோறு கரியுது, நீ வண்டிக்க வயித்தக் கீறிப் பாத்துட்டு நிக்கிய’ என்று மாமி கத்துவார். கத்திவிட்டு அவரே சோற்றை இறக்கி வைப்பார்.

கரி படிந்து எல்லாக் கம்பிகளும் ஒரே நிறமாக இருந்தன. எது எங்கே போகிறது என்று தெரியவில்லை. கொத்தை அப்படியே கழற்றிப் பாயில் விரித்து, ரேந்தை நூல் நகராமலிருக்கக் குத்துவதுபோல முனைக்கு முனை ஊசி குத்தினேன். ஒவ்வொன்றையும் விரலால் தடவிக்கொண்டே போய், அந்தந்த முனையில் நூல் முடிச்சுப் போட்டு அடையாளம் வைத்தேன். தகரத்துக்குப் பதிலாக ஆசாரி நல்ல பலாப் பலகை ஒன்றை இழைத்து, முள் காட்டும் வட்டங்களுக்கும் சுவிட்சுக்கும் துளை போட்டுத் தந்தார். எண்ணெய் தேய்த்ததும் மஞ்சள் பூத்து நின்றது. மாமி கொட்டகைப் பக்கம் வரும்போதெல்லாம் அதைத் தடவிவிட்டுத்தான் போகிறார்.

இதில் நான் ஒரு கோளாறு செய்தேன், கேளுங்கள். ரேந்தை பின்னும்போது நூல் சுற்றிய கட்டை எப்போதும் ஜோடி ஜோடியாகத்தான் போகும், ஒற்றைக்கு அங்கே வேலையில்லை. இந்த வண்டியிலோ ஒரு கம்பிக்கும் ஜோடி இல்லை. எலி தின்று தீர்த்தது போக மீதிதான் இது என்று நினைத்து, டேஷ்போர்டில் உள்ள ஒவ்வொன்றுக்கும் ஒரு ஜோடிக் கம்பி சேர்த்து, கொண்டுபோய் வண்டியின் இரும்புச் சட்டத்தில் முறுக்கிவிட்டேன். செல்வதாஸ் அண்ணன் வந்து பார்த்துவிட்டு, கட்டிய கையை அவிழ்க்காமலே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். மின்சாரம் கம்பி வழியாகப் போகும், திரும்பி வர வண்டியின் இரும்பு உடம்பே போதும், இதென்ன ரேந்தை விரிப்பா என்றார். எனக்கு முகம் சிறுத்துப் போயிற்று. மறுநாளே ஜோடியெல்லாம் பிடுங்கிப் போட்டேன்.

பிடுங்கிய பிறகு சுவிட்சைப் போட்டால் முன்விளக்கு எரிகிறது, பலகை விளக்கு எரியவில்லை. பெட்ரோல் முள்ளும் அசையவில்லை. வாரம் முழுவதும் கண்ணில் நீர் வராத குறை. அடுத்த ஞாயிறு அண்ணன் வந்து நெடுநேரம் பார்த்தார். திடீரென்று தலையில் அடித்துக்கொண்டார். பழையது தகரம், அதன் வழியாக மின்சாரம் திரும்பும். இது பலாப் பலகை, மரத்தில் அது எப்படித் திரும்பும்? நான் போட்ட ஜோடிதான் இதற்கு வேண்டும் என்று அவர் வாயாலேயே சொல்ல வேண்டியதாயிற்று. எனக்கு அது தெரிந்தா போட்டேன்? குருட்டாம்போக்கில் அமைந்தது. ஆனாலும் அவர் முன்னால் எல்லாம் தெரிந்தவள்போல முகத்தை வைத்துக்கொண்டேன். அன்றைக்கே முறுக்கிவிடக் கை துடித்தது, ஓய்வுநாளாயிற்றே என்று அவர் தடுத்துவிட்டார். திங்கள் விடிந்ததும் முறுக்கினேன். விளக்கு எரிந்தது அத்தான்! பலாப் பலகையின்மேல் அந்த வெளிச்சம் விழுந்ததைப் பார்த்து நான் கை தட்டினேன். எனக்கு அவ்வளவு பெருமை. அடக்கமாக எழுத வரவில்லை, மன்னியுங்கள்.

இன்று சந்தை நாள். நான் முதலில் சொல்லி வைத்திருந்ததை நம்பி, வண்டியை இழுத்துப்போக ஒரு ஜோடிக் காளையோடு சுயம்பு வந்து நின்றார். கொட்டகை வாசலில் ஆள் கூடிவிட்டது. ஏறி உட்கார்ந்து, செல்வதாஸ் அண்ணன் சொல்லித் தந்தபடி சாவியைத் திருப்பி, ஸ்டார்ட்டரை மிதித்தேன். இரண்டு முறை இருமியது. மூன்றாவது மிதியில் எஞ்சின் பிடித்துக்கொண்டு கொட்டகையே அதிர்ந்தது. காளைகள் மிரண்டு கயிற்றைப் பிய்த்துக்கொண்டு சந்தைப் பக்கம் ஓடின, சுயம்பு அவற்றுக்குப் பின்னால் ஓடினார். திரும்பி வந்தவர் மூச்சு வாங்கிக்கொண்டே, ‘இத இரும்பு வெலைக்கு எடுத்தா எனக்குப் பாவம் பிள்ள’ என்று சொல்லிவிட்டு வெறுங்கையோடு போய்விட்டார்.

அவர் போன பிறகு கூட்டத்திலிருந்து ஒருவர் முன்னே வந்தார். நாராயணபெருமாள். பலகையைப் பார்த்தார், முள்ளைப் பார்த்தார், விளக்கை ஒருமுறை அணைத்துப் போடச் சொன்னார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, ‘நானும் அவன அப்பிடிப் பேசிப்போட்டேன் மக்ளே’ என்றார். பங்குனியில் கருப்பட்டிச் சுமை கிளம்புகிறது, வேறு ஆள் கையில் கொடுக்க மனசில்லை, ஜான்ரோஸ் எப்போது வருவான் என்று கேட்டார். மாமி என் முகத்தைப் பார்த்தார். வாசலில் நின்றவர்களும் பார்த்தார்கள்.

எஞ்சினைக் கிளப்பத்தான் எனக்குத் தெரியும், ஓட்டத் தெரியாது. செல்வதாஸ் அண்ணன் போன ஞாயிறே வேறு ஓட்டுநர் பார்த்துத் தருகிறேன் என்றார். வேண்டாம் என்றேன். அந்த இடத்தில் வேறொருவர் உட்கார்ந்திருப்பதை நான் பார்க்கமாட்டேன்.

மாமி உங்களுக்கு ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார். சொல்லிவிட்டு உள்ளே போய் நெடுநேரமாக வெளியே வரவில்லை. உங்கள் போக்கைக் காத்த ஆண்டவர் இனி உங்கள் வரவையும் காப்பாராக. நாராயணபெருமாளுக்கு என்ன பதில் சொன்னேன் என்று கேட்கிறீர்களா? பங்குனி பிறக்கும் முன் வந்துவிடுவார், கடிதம் போட்டிருக்கிறார் என்று அத்தனை பேர் முன்னாலும் சொல்லிவிட்டேன். என்னைப் பொய்க்காரியாக்கி விடாதேயுங்கள்.

இப்படிக்கு,
வாசலைப் பார்த்திருக்கும் உங்கள்
சத்தியபாய்