வெள்ளை வைன் இளநீர் மாதிரி இல்லை

இன்று மத்தியானம் குசினி மேசையில் வைத்து வெள்ளை வைன் போத்தலின் மூடியைத் திருகினேன். மூடி கழன்றதும் வந்த மணத்தில் கை அப்படியே நின்றுவிட்டது. இப்படியொரு மணமா இதற்கு? நீங்கள் முன் அறையில் படுத்திருந்த அந்தக் கடைசிக் கிழமையிலும் இதே மாதிரிப் போத்தல் ஒன்றை இதே கையால்தான் திறந்தேன். அன்றைக்கு எனக்கு ஒன்றும் மணக்கவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம் எழுத வேண்டி வந்தது.

இஞ்சேருங்கோ, நான் உங்களுக்கு ஒரு பொய் சொல்லிவிட்டேன். வெள்ளை வைன் இளநீர் மாதிரி இருக்கிறது என்று சொன்னேனே, அது பொய். அந்த ருசியோடு நீங்கள் போய்விட்டீர்கள். ஒன்றரை வருஷமாக எனக்கு அது நெஞ்சுக்குள் கிடந்து அரிக்கிறது.

உங்கள் நாக்கு எப்பேர்ப்பட்டது என்று கண்டாவளையில் தெரியாதவர் இல்லை. தவறணையில் ஒரு வாய் கள்ளுக் குடித்துவிட்டு, இது வாய்க்கால் கரைப் பனை, இது மேட்டுப் பனை என்று பிரித்துச் சொல்லுவீர்கள். தேனை விரலில் தொட்டுப் பார்த்து, சீனிப்பாணி கலந்தது என்று விற்க வந்தவரைத் திருப்பி அனுப்புவீர்கள். என் குழம்பில் மல்லி அரைக் கரண்டி குறைந்தால் புருவத்தை மட்டும் தூக்குவீர்கள். அந்த நாக்கை நான் ஒருநாளும் மெச்சியதில்லை. மெச்சினால் தவறணைக்கு நானே வழி காட்டியது போல் ஆகிவிடும் என்று பயம்.

நான் கள்ளோ சாராயமோ ஒரு துளி தொட்டவள் இல்லை. அது எனக்குப் பெரிய பெருமை. நீங்கள் ஏலக்காயைச் சப்பிக்கொண்டு வந்தாலும், பெருஞ்சீரகத்தை மென்றுகொண்டு வந்தாலும், வாசல் படலையடியில் மறித்துவிடுவேன்.

"ஊதுங்கோ பாப்பம்."

"பொலிஸ்காரி நிக்கிறா பிள்ளையள், எல்லாரும் கையைத் தூக்குங்கோ" என்று உள்ளே இருக்கும் பிள்ளைகளுக்குக் கேட்கச் சொல்லுவீர்கள். அவர்கள் சிரிப்பார்கள். நான் சிரிக்கமாட்டேன். சிரிப்பு வந்தால் குசினிக்குள் போய்விடுவேன்.

வெற்றிலையும் புகையிலையும் கன்னத்துக்குள் புண்ணாகி, கிழமைக் கணக்கில் யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரியில் கதிர்ச் சிகிச்சை முடித்து வீட்டுக்கு வந்தபோது, உங்கள் வாயில் ருசி என்று ஒன்று மிச்சம் இருக்கவில்லை. புட்டும் மணலும் ஒன்று என்றீர்கள். மணம் மட்டும் இருந்தது. குசினியில் வெங்காயம் தாளித்தால் முன் அறையிலிருந்து எட்டிப் பார்ப்பீர்கள். வாயில் வைத்ததும் முகம் விழுந்துவிடும். ருசி சிலருக்கு மாதங்கள் போகத் திரும்பி வரும் என்று டொக்டர் சொன்னார். அந்தச் 'சிலருக்கு' என்ற சொல் உங்கள் காதில் விழவே இல்லை. "வருமாம்" என்று மட்டும் காண்கிறவர்களுக்கெல்லாம் சொன்னீர்கள்.

அந்த நேரத்தில்தான் பேத்தி, மகளின் மூத்தவள், கலிபோர்னியாவிலிருந்து வந்து நின்றாள். திராட்சை என்கிற முந்திரிகைப்பழக் கொடிகள் மைல் கணக்கில் படர்ந்த ஓர் இடத்தில் வைன் செய்கிறார்கள், பார்க்க வருகிறவர்களுக்கு அதை ஊற்றிக் கொடுத்து ருசி பார்க்கப் பழக்குவது அவளுடைய வேலை. உடுப்புகளுக்குள் சுற்றி, சிவப்பு ஒன்றும் வெள்ளை ஒன்றுமாக இரண்டு போத்தல் கொண்டு வந்தாள். உங்கள் வாய் இந்த நிலையில் இருக்கிறது என்று மகள் அவளுக்கு முழுவதும் சொல்லியிருக்கவில்லை. பாவம், போத்தலை நீட்டிய பிறகுதான் அவளுக்கு விளங்கியது. எடுத்து உள்ளே வைக்கப் போனாள். நீங்கள் விடவில்லை.

"திற பிள்ளை. மூக்கு இன்னும் என்னோடதான் இருக்கு."

சிவப்பைத் திறந்தாள். கிளாசைச் சரித்து, வெள்ளைத் துவாய்க்கு முன்னால் பிடித்து நிறம் பார்த்தாள். சுழற்றினாள். மூக்கை உள்ளே விட்டாள். ஒரு மிடறு எடுத்து வாய் முழுக்கக் கொண்டுபோய் வைத்திருந்துவிட்டு, எழும்பிப் போய்ப் பின் வாசலில் துப்பினாள்.

"என்ன பிள்ளை, பழுதாப் போச்சோ?" என்று நான் பதறிவிட்டேன்.

"இல்லை அம்மம்மா. ருசி பாக்கேக்க துப்பத்தான் வேணும். நிறைய வைன் பாக்கிற நாளில எல்லாத்தையும் குடிச்சா நிக்கேலாது."

"இந்த விசயம் எனக்கு முந்தித் தெரியாமப் போச்சே" என்றீர்கள் நீங்கள். "உன்ர அம்மம்மாவுக்கு முன்னால துப்பிக் காட்டிப்போட்டு நிம்மதியா வீட்டுக்குள்ள வந்திருப்பன்." சிரிக்க வாய் நொந்தது. கன்னத்தை ஒரு கையால் பொத்திப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்கள்.

பிறகு அவள் ருசி சொல்லத் தொடங்கினாள். பிளம் என்றாள், செரி என்றாள், வனிலா என்றாள், கடைசியில் பழைய தோல் என்றாள்.

"தோலோ? மாட்டுத் தோலோ?"

"ஓம் தாத்தா, சப்பாத்துத் தோல் மாதிரி. அது நல்ல மணம்."

"அங்க நீங்கள் காலில போடுற சப்பாத்தையும் விடுறதில்லையோ!"

எல்லாரும் சிரித்து முடித்த பிறகு உங்கள் முகம் மெல்ல மாறியது. கிளாசை எனக்கு முன்னால் தள்ளினீர்கள். "உவள் சொல்லுற பழம் ஒண்டையும் நான் திண்டதில்லை. இஞ்சேர், நீ ஒருக்கா வாயில வைச்சுச் சொல்லு."

என்னிடம் கேட்கிற கேள்வியா அது? ஆனாலும் பேத்திக்கு முன்னால் மறுக்க மனமில்லை. கிளாசைத் தூக்கி உதட்டில் முட்டவைத்தேன். உதட்டைத் திறக்கவில்லை. சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு, "நல்லாத்தான் இருக்கு. இனிப்பு" என்றேன்.

நீங்கள் கிளாசை வாங்கி மணந்தீர்கள். அவசரப்படாமல் மணந்தீர்கள்.

"உதில எங்க இனிப்பு? மணமே துவர்க்குது. நீ வாயைத் திறக்கேல்ல."

"திறந்தனான்."

"ஊது பாப்பம்."

பேத்தி மேசையில் தலையைப் போட்டுச் சிரித்தாள். எனக்குக் கோபமும் வெட்கமுமாக வந்தது. எழும்பப் பார்த்தேன். நீங்கள் என் கையைப் பிடித்து, அவளுக்குக் கேட்காத குரலில் சொன்னீர்கள்: "பகிடிக்குக் கேக்கேல்லயப்பா. எனக்கு ருசி வேணும். உன்னட்டைக் கேக்காம வேற ஆரிட்டைக் கேக்கிறது?"

குடித்தேன். என் சபதமெல்லாம் அந்த ஒரு வாயோடு போயிற்று. முதல் வாய் மருந்து மாதிரிச் சுட்டது, ஒன்றும் பிடிபடவில்லை. இரண்டாம் வாயைப் பேத்தி காட்டிய மாதிரி நாக்கின் மேல் கிடக்கவிட்டேன்.

"நாவல்பழம். அரைப்பழம். கொட்டையோட சப்பினால் நாக்கு இழுக்குமே, அப்பிடி."

"எந்த நாவல்? வீட்டு நாவலோ, காட்டு நாவலோ?"

"காட்டு நாவல். சின்னன்."

"பிறகு?"

"பிறகு பலகை. எங்கட வாசல் கதவுக்கு முதிரை மரம் இழைச்சவங்கள் எல்லே, அந்தச் சீவல் குவிஞ்சு கிடந்த மணம், ருசியா வருது."

பேத்தி துள்ளி எழும்பினாள். "அம்மம்மா, அது மரப் பீப்பா! அதுக்குள்ளதான் வைன் மாதக்கணக்கில இருக்கிறது. ஒருத்தரும் சொல்லித் தராமல் கண்டுபிடிச்சிட்டீங்கள்!" உடனே கொப்பி எடுத்து எழுதினாள். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவள் சொன்னதை, பல்கலைக்கழகம் படித்தவள் எழுதினாள். இப்போது அங்கே வருகிறவர்களுக்கு அந்தச் சிவப்பை ஊற்றும்போது காட்டு நாவல் என்றால் என்ன என்று விளக்குகிறாளாம். இதை முன் வீட்டுக்காரிக்கு மூன்று தரம் சொல்லிவிட்டேன். நான்காம் தரம் தொடங்கியபோது அவளே மிச்சத்தைச் சொல்லி முடித்தாள்.

ஆனால் அன்றைக்கு நான் அவளைப் பார்க்கவில்லை. உங்களைத்தான் பார்த்தேன். கண்ணை மூடியிருந்தீர்கள். வெறும் தொண்டை ஒருதரம் ஏறி இறங்கியது.

"ஓம்" என்றீர்கள். "வந்திட்டுது."

அன்றிலிருந்து உங்கள் நாக்கு நானாகிவிட்டேன். நீங்கள் கஞ்சியைக் குடிக்க, நான் முன்னால் இருந்து சாப்பிட்டுச் சொல்ல வேண்டும். முதலில் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒன்றும் திங்க முடியாத மனுசனுக்கு முன்னால் எப்படித் தின்பது? நீங்கள் விட்டால்தானே. புளிக்கிறது என்றால் போதாது, என்ன புளி, பழப்புளியா, மாங்காயா, தேசிக்காயா என்று கேட்பீர்கள். உறைப்பு நாக்கு நுனியிலா தொண்டையிலா என்று கேட்பீர்கள். சண்டையில் இடம்பெயர்ந்து முகாமில் இருந்த காலத்தில் கிடைத்ததைக் கண்ணை மூடி விழுங்கிப் பழகிய வாய் இது. வாழ்நாள் முழுக்கச் சமைத்தேன், உங்கள் நாக்காக இருந்த அந்த ஏழு மாதத்தில்தான் சாப்பிட்டேன்.

வெள்ளையை மட்டும் தொடவிடவில்லை. "அது எனக்கு. நாக்கு வந்தாப்பிறகு நான் குடிச்சு உனக்குச் சொல்லுவன், நீ கேட்டுக்கொண்டிரு" என்று பிறிஜ்ஜின் அடித்தட்டில், கீரைக்கட்டுக்குக் கீழே, நீங்களே படுக்க வைத்தீர்கள். காலையில் எழும்பியதும் ஒரு உப்புக்கல்லை நாக்கில் வைத்துப் பார்ப்பீர்கள். என்ன மாதிரி என்று நான் கேட்கமாட்டேன். நீங்கள் துப்புகிற சத்தத்திலேயே எனக்கு விளங்கிவிடும்.

நாக்கு வரவில்லை. நோய்தான் திரும்பி வந்தது. மூக்கால் குழாய் விட்டார்கள், பேச்சும் போயிற்று, மணமும் போயிற்று. வைத்தியசாலையில் இருக்கமாட்டேன் என்று அடம்பிடித்து வீட்டுக்கு வந்தீர்கள். நாலாம் நாள் மத்தியானம் கொப்பியில் எழுதிக் காட்டினீர்கள்: வெள்ளையைத் திற.

அந்த இரண்டு சொல்லையும் நான் நெடுநேரம் வாசித்துக்கொண்டு நின்றேன். நீங்கள் உப்புக்கல்லை விட்டுவிட்டீர்கள் என்று அப்போதுதான் தெரிந்தது.

காலையிலிருந்து கரண்ட் இல்லை. வெள்ளை என்றால் குளிர வைத்துத்தான் குடிக்க வேண்டும் என்று பேத்தி சொல்லியிருந்ததால், போத்தலை வாளியில் வைத்துக் கிணற்றுக்குள் இறக்கி, கயிற்றைப் பிடித்துக்கொண்டு கட்டடியில் நின்றேன். அங்கே அழுததை உங்களுக்குக் காட்டக்கூடாது என்று முகம் கழுவிவிட்டு வந்தேன். கட்டில் ஓரத்தில் இருந்து ஒரு வாய் எடுத்தேன். ஒன்றும் தெரியவில்லை. மூக்கு அடைத்துப்போய், வாயில் இருந்தது வெறும் குளிர். இன்னொரு வாய். அதுவும் குளிர். உங்கள் கண் என் வாயை விட்டு அசையவில்லை. காத்திருந்தீர்கள்.

"இளநீர் மாதிரி" என்றேன்.

நீங்கள் எழுதினீர்கள்: இளசா முத்தலா?

"இளசு. செவ்விளநீர்."

கண்ணை மூடினீர்கள். குழாயைச் சுற்றித் தொண்டை மெல்ல அசைந்தது. தலையை ஆட்டினீர்கள். இந்த முறை ஊதச் சொல்லவில்லை. நம்பினீர்களா, அல்லது என் முகத்தைப் பார்த்து என்னை விட்டுவிட்டீர்களா, தெரியாது. மூன்றாம் நாள் நீங்கள் இல்லை. மிச்ச வைனை வாழையடியில் ஊற்றினேன்.

போன மாதம் பேத்தியோடு கதைக்கும்போது இதைச் சொல்லிவிட்டேன். "அம்மம்மா, அதே வெள்ளை இன்னும் இருக்கு. அனுப்பிவிடுறன். மூக்கு அடைக்காத, தடிமன் இல்லாத நாளாப் பாத்துத் திறவுங்கோ" என்றாள். அங்கிருந்து வந்த ஒரு குடும்பம் கொண்டுவந்து தந்தது.

இன்றைக்கு எல்லாம் முறைப்படி செய்தேன். காலையிலிருந்து உறைப்பு வாயில் வைக்கவில்லை. வெள்ளைத் துவாய்க்கு முன்னால் பிடித்து நிறம் பார்த்தேன். வெள்ளை என்று சும்மா சொல்லுகிறார்கள், நெல் சூடடித்து முடித்த அன்றைய வைக்கோலின் நிறம் அது. மணந்தேன். ஒரு வாய் எடுத்து, அவசரப்படாமல் வைத்திருந்தேன். இனிக் கேளுங்கள்.

முதலில் புளி. என்ன புளி என்று கேட்பீர்கள். தேசிக்காய் இல்லை, மாங்காய் இல்லை. அணில் கடிக்கத் தொடங்குகிற பருவத்துக் கொய்யா, தோலோடு கடித்தால் வருகிற புளி. அதற்குப் பின்னால் ஒரு பச்சை. கதிர் பால் பிடிக்கிற நேரம் ஒரு நெல்லை உருவிப் பல்லில் நசித்தால் ஒரு துளி வருமே, இனிப்பு என்று சொல்லவும் முடியாது, இல்லை என்று சொல்லவும் முடியாது. அதுதான். விழுங்கிய பிறகும் நாக்கின் கரையில் அது நிற்கிறது.

இளநீர் எங்கேயும் இல்லை. இருந்தால் நல்லது என்று நானும் தேடித்தான் பார்த்தேன்.

நீங்கள் போன பிறகு ஒன்றையும் என்னால் சும்மா விழுங்க முடிவதில்லை. ஒரு பிடி கீரை என்றாலும் வாயில் வைத்ததும் அதற்குரிய சொல்லைத் தேடி எடுத்து வைத்துக்கொண்டு, நீங்கள் இருந்த எதிர்க் கதிரையைப் பார்க்கிறேன். அதற்குள் சோறு ஆறிவிடுகிறது.

இன்னும் ஒன்று இருக்கிறது. கொய்யாவுக்கும் நெல்லுக்கும் நடுவில் வேறொரு ருசி வந்து போகிறது. மூன்று வாய் வைத்துப் பார்த்தேன், பிடிபடவில்லை. பேத்தியைக் கேட்டால் நாங்கள் காணாத ஒரு பழத்தின் பெயர் சொல்லுவாள். உங்கள் நாக்குக்கு அது ஒரு நொடி வேலை. இந்த முறை வாய்க்கு வந்ததைச் சொல்லமாட்டேன். எனக்குத் தெரியவில்லை. நீங்கள் குடித்துத்தான் சொல்ல வேண்டும்.